பதினேழு ரூபாய்க்குக் கீழே

2012 ஜூலை 9, திங்கள்

இன்று பொருளியல் வகுப்பில் குஞ்சிதபாதம் சார் இறுதிநிலைச் செலவு நடத்தினார். செய்துகொண்டிருப்பதில் இன்னும் ஒன்றே ஒன்று கூடுதலாகச் செய்தால் எவ்வளவு ஆகும் என்பதுதான் அது. ஓடுகிற பஸ்ஸில் ஒரு ஆள் கூடுதலாக ஏறினால் பஸ்காரருக்கு என்ன செலவு என்று கேட்டார். டிக்கெட் காகிதம் மட்டும்தான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, புல்லரித்தது. டீக்கடை, தையல் கடை, எல்லாவற்றுக்குள்ளும் இப்படி ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனை நாள் நான்தான் பார்க்கவில்லை.

இசைப்பிரியா நோட்டின் ஓரத்தில், ‘எங்க மாவு மில்லுக்கும் இது உண்டா?’ என்று எழுதிக் காட்டினாள். சார் பார்த்துவிட்டார். “உண்டும்மா. போட்டு எடுத்துட்டு வா. எல்லாருமே ஒரு தொழிலை எடுத்துக்கிட்டு பட்டியல் போட்டுட்டு வாங்க” என்றார்.

நான் எங்கள் வீட்டு மாவையே போடப் போகிறேன். இசையின் மில் மாதிரிப் பெரிய தொழில் இல்லை. பிளாக்கில் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கு அம்மா ஆட்டிக் கொடுக்கிறாள், அவ்வளவுதான்.

ஜூலை 11, புதன்

பட்டியல் முடிந்தது. ஒரு ஈட்டுக்கு, அதாவது கிரைண்டரில் ஒரு தடவை ஆட்டுவதற்கு:

இட்லி அரிசி 2 கிலோ – 48
உளுந்து அரை கிலோ – 31
வெந்தயம், உப்பு – 2
கிடைக்கும் மாவு 6 கிலோ. கிலோவுக்கு 13.50. கவர் 50 காசு. ஆக 14.
கரண்ட் – 0
வாடகை – 0
ஆள் – 0

கரண்டுக்கு என்ன போடுவது என்று வெகுநேரம் யோசித்தேன். அப்பாவின் சுரங்கச் சம்பளச் சீட்டில் அதற்குப் பிடிக்கிற தொகை பேருக்குத்தான். கிரைண்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதே தொகை. கம்பெனி குவார்ட்டர்ஸ் வாடகையும் அப்படியே. கூடுதலாக ஒரு கிலோ ஆட்டினால் இரண்டும் ஏறாது. அப்படியானால் ஜீரோதான் சரி.

அம்மா எட்டிப் பார்த்து, “எனக்கு எவ்ளோ போட்டிருக்க?” என்றாள்.

“நீ மாவு விக்கலன்னாலும் வீட்லதானம்மா இருப்ப. அதனால ஜீரோ.”

“பாத்துக்க மலரு, உன் ரேட்டு இதான்” என்றார் அப்பா. அம்மா சிரித்தாள். கையெல்லாம் மாவாக இருந்ததால் முழங்கையால் என் தலையில் இடித்தாள்.

விற்பது இருபது. செலவு பதினாலு. கிலோவுக்கு ஆறு ரூபாய் லாபம்! அம்மா அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

ஜூலை 20, வெள்ளி

பள்ளி விட்டு இசையோடு மில்லுக்குப் போனேன். டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே, வடக்குத்து ரோட்டில். கேட்டுக்கு உள்ளே எங்களுக்குக் கரண்ட் போவதே இல்லை. போனபோது அங்கே கரண்ட் இல்லை. காலையிலிருந்து மூன்றாவது தடவையாம். மில் வாசலில் நின்றால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் நன்றாகத் தெரிகின்றன. இசையின் அம்மா வீரம்மா அத்தை அதைப் பார்த்துக்கொண்டே ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தார். “அங்க பொகையா வுடுறான், இங்க இருட்டு. நாங்க மட்டும் இன்னா பாவம் பண்ணோம், சொல்லு?” என்று என்னிடம் கேட்டார், ஏதோ நான்தான் ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறவள் மாதிரி. பிறகு முறுக்கு கொடுத்தார்.

இசையும் நானும் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அவள் பட்டியலைப் போட்டோம். பொருளும் கவரும் எங்களுக்கு ஆகிற அதே 14. பெரும்பாலும் ஜெனரேட்டரில்தான் ஓடுகிறது: ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் டீசல், 45 ரூபாய், அதில் அரைபடுவது 15 கிலோ. ஆக கிலோவுக்கு இன்னும் 3. மொத்தம் 17. வீடுகளுக்கு 22-க்குக் கொடுக்கிறார்கள். ராஜேந்திரன் மெஸ்ஸுக்கு தினம் 18 கிலோ, இருபது ரூபாய் வீதம். வாடகையும் மில் கடன் தவணையும் தனி. அதில் பாதிக்குமேல் மெஸ் பணத்திலிருந்துதான் போகிறதாம்.

“பதினேழுக்குக் கீழ போனா ஓட்டறதே தண்டம்டி” என்றாள் இசை. “மூடிட்டு வூட்ல தூங்கலாம்.” பிறகு, “இத வெளிய சொல்லாத. அம்மா திட்டும்” என்றாள்.

சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவள் தலையில் அடிக்கப் போனேன், “உன் தலையிலயே அடிச்சுக்க” என்று தள்ளிவிட்டாள்.

ஜூலை 22, ஞாயிறு

அப்பாவுக்கு வீக்லி ஆஃப். மூன்று பேரும் ஒன்றாக மதியச் சாப்பாடு. அப்பா பிப்ரவரியில் ரிட்டயர் ஆவது பற்றிப் பேச்சு வந்தது. வருகிற பணம் அக்கா கல்யாணக் கடனுக்கே சரியாகப் போகும். வடக்குத்தில் வாங்கிய மனையில் சுவர் நிற்கிறது, மேலே தளம் இல்லை. ஏப்ரலுக்குள் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அம்மா சாப்பிடாமல் விரலால் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் முகத்தை மாற்றத்தான் பேசினேன் என்று எழுத ஆசை. அது முழு உண்மை இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் காட்டவும் ஆசையாக இருந்தது.

“எந்தத் தொழிலுக்கும் ஒரு புள்ளி உண்டும்மா. விலை அதுக்குக் கீழ போனா, ஓட்டறதைவிட நிறுத்தறதே மேல்.”

“நமக்கு எது?”

“பதினாலு.”

“வீரம்மாக்காவுக்கு?”

“பதினேழு” என்றேன். வாயிலிருந்து விழுந்துவிட்டது. அம்மா சாம்பார்க் கரண்டியை அப்படியே பிடித்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு எனக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

ஆகஸ்ட் 2, வியாழன்

அம்மா மெஸ்ஸுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறாள். பதினாறு ரூபாய். தினம் பதினெட்டு கிலோ, மூன்று ஈடு. திங்களிலிருந்து.

“மெஸ்ஸு வீரம்மாவோடது மலரு” என்றார் அப்பா.

“மெஸ்ஸு ராஜேந்திரனோடது” என்றாள் அம்மா.

கிலோவுக்கு இரண்டு ரூபாய். பதினெட்டு கிலோவுக்கு முப்பத்தாறு. மாதம் ஆயிரத்துக்குப் பக்கம். அம்மா அதை சிமெண்ட் மூட்டையாக மாற்றிச் சொன்னாள்: மூன்று மூட்டை, மிச்சம் கொஞ்சம் ஜல்லி.

புத்தகப்படி தவறே இல்லை. இறுதிநிலைச் செலவுக்கு மேலே வருகிற ஒவ்வொரு ரூபாயும் லாபம். புத்தகத்தைத் திறந்து திரும்பவும் படித்தேன். அப்படித்தான் போட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 6, திங்கள்

மதிய இடைவேளையில் இசை டப்பாவைத் திறக்கவே இல்லை. “மெஸ்காரரு வேணாம்னுட்டாரு. யாரோ பதினாறுக்குக் குடுக்கறாங்களாம். பதினாறுக்கு எப்படிடி குடுக்க முடியும்? மண்ணையா அரைக்கறாங்க?” என்றாள். “அம்மா இறங்கிப் போய் பதினேழரை சொல்லிப் பாத்துது. ஆவலன்னுட்டாரு.”

என் டப்பாவிலிருந்து ஒரு தோசை எடுத்து அவள் மூடியில் வைத்தேன். சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

அந்தத் தோசை மாவு... வேண்டாம், எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

சார் பட்டியல்களைத் திருத்திக் கொடுத்தார். எனக்குப் பத்துக்குப் பத்து. இசைக்கு எட்டு, வாடகையைத் தனியாகக் காட்டிய இடத்தில் ஒரு கூட்டல் பிழை. என்னுடைய மூன்று ஜீரோக்கள் பக்கத்திலும் சிவப்பு மையில் சரிக் குறி போட்டிருக்கிறார். தாளை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 27, திங்கள்

தெரிந்துவிட்டது.

மெஸ்ஸில் விட்டிருந்த தங்கள் டிரம்மை எடுத்துவர இசை போயிருக்கிறாள். உள்ளே வேறு எவர்சில்வர் டிரம். மூடியில் புள்ளிபுள்ளியாகப் பொறித்த பெயர்: மலர்கொடி. எங்கள் வீட்டில் அந்த டிரம்மிலிருந்து எத்தனை தடவை தண்ணீர் மொண்டு குடித்திருக்கிறாள்!

சைக்கிள் ஸ்டாண்டில் எனக்காக நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“பதினேழுன்னு நான் யார்கிட்ட சொன்னேன்?”

“இசை...”

“நீ சொல்லாத. நானே சொல்றேன். உன்கிட்ட மட்டுந்தான்.”

“நான் வேணும்னு சொல்லலடி. சும்மா கணக்குக்காக...”

“உங்களுக்குக் கரண்ட் ஓசி. வூடு ஓசி. கணக்கு வேற நான் ஓசியா குடுத்தேன்.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் என்னன்னு சொல்றது? ஓசி இல்லன்னு சொல்றதா? அப்பா முப்பத்தி ரெண்டு வருஷம் சுரங்கத்துல இறங்கி ஏறினாருன்னு சொல்றதா? அதுவும் உண்மைதான். ஆனா அவ சொன்னது தப்பா? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். மெஸ்ஸை விட்டுடு, விட்டுடும்மா.

அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: “ஏப்ரல் மாசம் நம்மள ரோட்ல நிறுத்தினா வீரம்மாக்கா வந்து தளம் போட்டுத் தருவாங்களா?” கொஞ்சம் கழித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நீதானடி சொன்ன” என்றாள்.

செப்டம்பர் 14, வெள்ளி

டீசல் லிட்டருக்கு ஐந்து ரூபாய் ஏறிவிட்டது. பேப்பரில் படித்ததும் மனம் தானாகவே வகுத்தது: ஐந்தைப் பதினைந்தால். கிலோவுக்கு முப்பத்து மூன்று காசு. அவர்கள் பதினேழு இப்போது பதினேழே கால் தாண்டிவிட்டது. நான் கேட்காமலே என் தலைக்குள் ஓடுகிறது இந்தக் கணக்கு. நிறுத்தத் தெரியவில்லை.

இசை கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். பொருளியலில் கேள்வி கேட்டால் எழுந்து சரியாகப் பதில் சொல்கிறாள். என் பக்கம் மட்டும் பார்ப்பதில்லை.

அக்டோபர் 23, செவ்வாய்

ஆயுத பூஜை. கிரைண்டருக்குச் சந்தனம், குங்குமம். பொரி கடலை. அப்பாவின் டி.வி.எஸ்.ஸுக்கு மாலை. அம்மா புதுப் புடவை. அவளுக்கு வலது தோள் இறங்கிவிட்டது, கையைத் தூக்கிப் பொட்டு வைக்க முடியாமல் என்னை வைக்கச் சொன்னாள். அடுத்த பிளாக் வீடுகளும் சேர்ந்து இப்போது ஒரு நாளைக்கு எட்டு ஈடு. காலை நாலு மணிக்கு எழுந்திருக்கிறாள். பட்டியலில் அவளுக்கு இன்னும் ஜீரோதான்.

லைப்ரரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வடக்குத்து ரோட்டுக்கு மிதித்தேன். எல்லாக் கடையிலும் வாழைக்கன்று. மில் ஷட்டர் இறங்கியிருந்தது. வாசல் கூட்டாமல் கிடந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடை அண்ணன் சொன்னார்: “வெள்ளிக்கிழமையே மிஷினை ஏத்திக்கினு போயிட்டாங்களே. பண்ருட்டிக்காரன் வாங்கினான். ஜெனரேட்டர் மட்டும் வச்சிருக்காங்க, எங்களுக்கு மணிக்கணக்குல வாடகைக்கு வுடறாங்க.”

நவம்பர் 8, வியாழன்

மெஸ்ஸுக்கு இன்று முதல் இருபது. பிளாக் வீடுகளுக்கு இருபத்து நாலு. எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா, “என்னங்க மலரு, ஒரேயடியா ஏத்திட்டீங்க?” என்றார். “வேற எங்கயாவது கொறைச்சலா கெடைச்சா வாங்கிக்குங்கக்கா” என்றாள் அம்மா. வேறு எங்கும் கிடைக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

புத்தகத்தில் அடுத்த பாடம் முற்றுரிமை: விற்பவர் ஒருவர் மட்டுமே இருக்கிற சந்தை. சார் இன்னும் நடத்தவில்லை.

டிசம்பர் 5, புதன்

இசை மூன்று நாளாக வரவில்லை.

2013 ஜனவரி 3, வியாழன்

புது டைரி வாங்கவில்லை. இதிலேயே பக்கம் மீதி இருக்கிறது.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. வருகைப் பதிவில் நான் ஏழு. இன்று டீச்சர் “ஆறு, எழில்மதி” என்று கூப்பிட்டார். எனக்குப் புரியவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். எழுந்து “உள்ளேன் டீச்சர்” என்றேன். எனக்கு முந்தின பெயர் இசைப்பிரியா. அதன்மேல் சிவப்பு மையில் கோடு.

அத்தையும் அவளுமாக முந்திரிக் கொட்டை உடைக்கிற பட்டறைக்குப் போகிறார்களாம், குள்ளஞ்சாவடிப் பக்கம். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.

எவ்வளவு என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் கணக்குப் போட்டுவிடுவேன்.

பிப்ரவரி 28, வியாழன்

அப்பா ரிட்டயர். சந்தன மாலை, சால்வை, ஒரு கடிகாரம். ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். எல்லோரும் போன பிறகு ஹெல்மெட்டை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

சாவி கொடுத்தாகிவிட்டது. சிமெண்ட் சேர்ந்த அளவுக்குக் கம்பி சேரவில்லை. மனையில் சுவர் இன்னும் அப்படியே நிற்கிறது, உள்ளே எருக்கஞ்செடி. வடக்குத்தில் மாதம் 2500-க்கு ஒரு வாடகை வீடு. ஓனர் கரண்டுக்குத் தனியாக யூனிட் ஐந்து ரூபாய் கேட்கிறார். கிரைண்டரைப் பார்த்ததும், “இது கமர்ஷியல் ஆச்சே” என்று ஏழு ஆக்கினார்.

மெஸ்ஸை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம். பிளாக் வீடுகள் தூரம். அங்கே இன்னொரு குவார்ட்டர்ஸில் ஒரு அம்மா பதினெட்டுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாராம். அவருக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று அம்மா கேட்டாள். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

மே 9, வியாழன்

இன்று மதியம் ஒரு மணிக்குக் கரண்ட் போனது. தினமும் போகிறதுதான், இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். இன்று மூன்று ஆகியும் வரவில்லை. ஈ.பி.க்குப் போன் செய்தால் பாதை பழுது, இரவாகும் என்கிறார்கள். மூன்று ஈட்டுக்கும் உளுந்து ஆட்டியாகிவிட்டது. அரிசி ஆறு கிலோ ஊறிக்கொண்டிருக்கிறது. ஆறு மணிக்கு மெஸ்ஸுக்கு மாவு போக வேண்டும். போன வாரம் ஒரு நாள் தாமதமானதற்கே ராஜேந்திரன், “உங்களால முடியலன்னா சொல்லிடுங்க” என்று சொல்லியிருக்கிறார். இன்று தவறினால் மெஸ்ஸும் போய்விடும். அப்புறம் எங்களிடம் ஒன்றுமில்லை.

உளுந்து மாவு வெயிலுக்குப் பொங்க ஆரம்பித்தது. அம்மா பாத்திரத்தைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு என்னைப் பார்க்காமல், “வீரம்மாக்கா ஊட்டுக்குப் போய் ஜெனரேட்டர் கேளு. மணிக்கு எண்பதுன்னு சொல்லுவாங்க. அறுபதுக்குக் கேட்டுப் பாரு” என்றாள்.

நான் போகமாட்டேன்னேன். அப்பா செருப்பு மாட்டினார். அதைப் பார்த்ததும் நானே போறேன்னு கிளம்பிட்டேன்.

நடக்கும்போது கணக்கு வந்துவிட்டது. அரிசி, உளுந்துக்குப் போட்டது போனதுதான், அதை இனி எண்ணக் கூடாது. இனிமேல் ஆகப்போகிற செலவு ஜெனரேட்டர் மட்டும். வரப்போவது பதினெட்டு கிலோவுக்கு முந்நூற்று அறுபது. ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு முந்நூறு கேட்டாலும் நாங்கள் கொடுத்தாக வேண்டும். முந்நூற்றைம்பது கேட்டாலும்தான்.

இசை வாசலில் உட்கார்ந்து சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்று பட்டறை லீவாம். முந்திரிக் கொட்டைப் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையை மறைக்கவில்லை.

“ஜெனரேட்டர் வேணும்” என்றேன். எட்டு மாதத்துக்குப் பிறகு அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

“எத்தினி ஈடு?”

“மூணு. உளுந்து முடிஞ்சுது. அரிசிதான் பாக்கி.”

“மெஸ்ஸுக்கா?”

“ம்.”

“எத்தினி மணிக்குக் குடுக்கணும்?”

“ஆறு.”

அவள் ஊறின அரிசியையே பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். நான் நடந்துவரும்போது போட்ட கணக்கை அவள் அங்கேயே உட்கார்ந்து போடுகிறாள் என்று தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே பாடத்தைக் கேட்டவள். உதடு லேசாக அசைந்தது. பதினெட்டை இருபதால் பெருக்க அவளுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. எங்கள் புள்ளி எது என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

எழுந்தாள். பாவாடையில் கையைத் துடைத்தாள்.

“ரெண்டு மணி நேரம் ஆவும். மணிக்கு எண்பது” என்றாள். “டீசலே அம்பத்திரண்டு. ஜெராக்ஸ் கடைக்கும் அதே எண்பதுதான்.”

அறுபதுக்குக் கேட்கவில்லை. தள்ளுவண்டியில் ஜெனரேட்டரை ஏற்ற ஒரு பக்கம் நான் பிடித்தேன், ஒரு பக்கம் அவள். பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது, “தூக்கு” என்றாள். தூக்கினேன். எங்கள் வீட்டு வாசலில் கயிற்றை இழுத்து ஓடவிட்டு, உள்ளே வராமல் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்தே முக்காலுக்கு அப்பா டிரம்மோடு மெஸ்ஸுக்குக் கிளம்பினார். அம்மா தந்த நூற்று அறுபதைக் கொண்டுபோய் இசையிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு போனாள்.

அம்மா கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். வலது கை எழவில்லை, இடது கையால் கழுவினாள்.

“கொறைச்சாளா?” என்று கேட்டாள்.

“ஏத்தலம்மா” என்றேன்.